தலையணைக்கு ஒரு நட்சத்திரம்

தோப்புச்சாமியிடம் கேள்வியோடு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, அவர் ஏறிட்டுப் பார்க்கும்வரை காத்திருந்துதான் வாயைத் திறப்பார்கள். அன்றைக்குச் சிலம்பாயி செருப்போடேயே வந்து செல்போனை நீட்டினாள்.

“படிங்க சாமி.”

சாமி கிணற்றடியில் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விலக்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் சேறு.

“நீங்களே படிங்க அக்கா.”

அவள் படித்தாள். திரையைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. அதற்குள் மனப்பாடமாகியிருந்தது.

“‘இந்தத் தலையணை வாங்கினேன். தூக்கம் வரவில்லை. இலவம்பஞ்சு என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். யாரும் வாங்க வேண்டாம்.’ கீழே ஒத்த ஸ்டார்.”

சாமி மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து வாய்க்காலை அடைத்தார். தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பியது.

போடிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அந்தத் தோப்பு இருந்தது. முழுக்க இலவ மரங்கள். நடுவில் ஒரு பழைய சமாதியும் ஓட்டுக் கொட்டகையும். சாமிக்குச் சிலம்பாயியைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். அவரிடம் உபதேசம் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். அதில் அவளும் ஒருத்தி. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். அதில் இருவருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

சிலம்பாயி தலையணை செய்து விற்கிறவள். அவள் புருஷன் தவசி மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு திருவிழாவுக்கு வந்தான். பிறகு வரவில்லை. நெடுங்கண்டத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், வடக்கே ரயிலேறிவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அவள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டாள். பாதிப்பேருக்கு அவன் பெயரே நினைவில்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. கழுத்தில் கிடந்த தாலி கழுத்திலேயே கிடந்தது. கை சும்மா இருக்கக் கூடாதென்று பஞ்சைக் கையிலெடுத்தாள்.

ஊருக்குள் விற்றதைவிடப் பக்கத்து வீட்டு டீச்சர் செல்போனில் ஆன்லைன் கடைக் கணக்குத் திறந்து கொடுத்த பிறகு விற்றதுதான் அதிகம். சேலம், கோயம்புத்தூர், பெங்களூர் என்று பார்சல்கள் போயின. உறை தைக்க இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். குறை சொன்னவர்கள் முன்பும் உண்டு. உறையின் நிறம் வேறு என்பார்கள், படத்தில் பெரிதாகத் தெரிந்தது என்பார்கள். அவள் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பாள். தையல் பிரிந்ததென்று ஒருத்தி எழுதியபோது, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பினாள். தப்பு நம்முடையது என்றால் தலை குனிவதில் அவளுக்கு வெட்கமே கிடையாது.

இது வேறு. இது பொய்.

“சாமி, கொட்டை ஒண்ணுகூடத் தங்காமப் பொறுக்கி, வெயில்ல காயவச்சு, தூசு தட்டி அடைக்கிறேன். கழிவுப் பஞ்சு கலந்தா பாதி விலைக்கு முடியும். ஒரு பிடி கலந்ததில்ல. இந்த எழுத்து வந்ததிலிருந்து வாங்க வர்றவங்க முதல்ல இதைத்தான் படிக்கிறாங்க. தையலுக்கு வர்ற பொண்ணுகளைப் பாதி நாள் வரவேண்டாம்னு சொல்லிட்டேன். அதுங்க மூஞ்சியப் பார்க்க முடியல. இந்த ஆளுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?”

“அவருக்குத் தூக்கம் வந்துச்சா?”

“யாருக்கு?”

“எழுதினவருக்கு.”

“வரலைன்னுதான் எழுதியிருக்காரே.”

“அப்ப அது ஒண்ணு பொய் இல்ல.”

சிலம்பாயிக்குச் சுருக்கென்றது.

“தூக்கத்தையா நான் விக்கிறேன்? பஞ்சை விக்கிறேன் சாமி.”

“பை மேல என்ன அச்சடிச்சிருக்கீங்க?”

‘நிம்மதியான உறக்கத்திற்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு நிலாவும் போட்டிருந்தது.

“எல்லாரும் போடுறதுதான்,” என்றாள்.

“ஆமா. எல்லாரும் போடுறதுதான்.”

சாமி கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“தவசி போனதிலிருந்து இந்த ஊர் என்னை என்ன பேருல கூப்பிடுதுன்னு உங்களுக்குத் தெரியும். இலவு காத்த கிளி! பஞ்சு வியாபாரிக்கு அந்தப் பேரை வச்சதுல அவங்களுக்கு ஒரு சிரிப்பு. நான் ஒருநாளும் காதுல போட்டுக்கிட்டதில்ல. ஆனா என் பஞ்சை ஏமாத்துன்னா நெஞ்சு பொறுக்கல.”

“கிளியும் அதைத்தான் சொல்லிச்சு.”

“எதை?”

“ஏமாத்துன்னு.”

சாமி மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு சொன்னார்.

“கிளி வந்து கொம்புல உட்கார்ந்துச்சு. காய் பழுக்கும், பழம் தின்னலாம்னு காத்துக் கிடந்துச்சு. வெயில் போச்சு, மழை போச்சு. காய் வெடிச்சுது. உள்ள பஞ்சு. ‘இந்த மரம் ஏமாத்துது, யாரும் இங்க வராதீங்க’ன்னு கிளி கத்துச்சு. மத்த பறவையெல்லாம் கேட்டுட்டு வேற தோப்புக்குப் போயிருச்சு.”

“மரம் என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேயா?”

“கிளி உட்கார்ந்திருந்த கொம்பை மட்டும் ஆட்டாம வச்சிருந்துச்சு.”

காற்றில்லாத மதியம். தோப்பில் ஒரு இலையும் அசையவில்லை. சிலம்பாயி அப்போதுதான் தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். கழற்றவில்லை.

“நான் மரம் இல்ல சாமி,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக ஆன்லைன் கடைக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். பொய்யான கருத்து, நீக்க வேண்டும் என்று. அதோடு விட்டிருக்கலாம். அந்த எழுத்துக்குக் கீழே பதில் எழுத ஒரு இடம் வெள்ளையாகக் கிடந்தது. அவள் செல்போனை வாயருகே வைத்துப் பேசினாள். அது எழுத்தாக்கிக் கொடுத்தது.

‘பஞ்சில் குறை இல்லை. மனசாட்சியில் குறை இருக்கிறவர்களுக்கு எந்தத் தலையணையிலும் தூக்கம் வராது.’

அனுப்பினாள். பதிலைப் படித்தவர்கள் பலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ‘சரியான சூடு’ என்று ஒருவர் எழுதினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சாப்பாடு ருசித்தது.

சில நாள் கழித்து அந்த ஆள் தன் கருத்துக்குக் கீழேயே இன்னொரு வரி சேர்த்திருந்தார்.

‘விற்பவர் சொல்வது உண்மை. எனக்கு எந்தத் தலையணையிலும் தூக்கம் வராது.’

நட்சத்திரம் ஒன்றாகவே இருந்தது.

சிலம்பாயி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போட்டிக் கடைக்காரன் எவனோ எழுதவைத்தது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு வசதியாக முகமில்லாத ஆளாக வைத்திருந்தாள். இப்போது அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தார். அவள் எறிந்த கல்லைத் திருப்பி எறியாமல், கையில் எடுத்து, ஆமாம் என் மேல்தான் பட்டது என்று காட்டுகிற மனுஷன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் தோப்புக்குப் போனபோது செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். சாமி படித்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“சாமி, நான் சொன்னது தப்புன்னு திட்டிடுங்க. இப்படிப் பேசாம இருக்காதீங்க.”

“வீட்டுல எத்தனை தலையணை வச்சிருக்கீங்க அக்கா?”

“விக்கிறதுக்கா?”

“படுக்கிறதுக்கு.”

“ரெண்டு.”

“ஒண்ணு உங்களுக்கு.”

“ஆமா.”

“இன்னொண்ணு?”

ஒவ்வொரு வருஷமும் புதுப்பஞ்சு வந்ததும் அவள் முதலில் பிரிப்பது அந்தத் தலையணையைத்தான். ஒரு தலையும் படாத பஞ்சு. பழசாகவில்லை, கட்டிதட்டவில்லை. ஆனாலும் எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பாள். உறையைத் துவைத்து நீலம் போட்டு உலர்த்துவாள். தையலுக்கு வரும் பெண்கள் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் அதைச் செய்வாள். சாமிக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. தெரிந்திருக்காது. சும்மாதான் கேட்டிருப்பார்.

“அதுல இருக்கிறது நல்ல பஞ்சுதானே?” என்றார் சாமி.

“முதல் தரம் சாமி. என் கையால…”

அதற்குமேல் முடியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோளெல்லாம் குலுங்கியது. சாமி எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். 

அவள் தண்ணீரைக் குடித்த பிறகு சொன்னார்.

“அவர்கிட்ட கேளுங்க.”

“என்னன்னு?”

“ஏன் தூக்கம் வரலைன்னு. பஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினாள். ‘ஐயா, நான் எழுதியது தப்பு. மன்னிச்சிடுங்க. உங்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?’ கடைசியில் தன் எண்ணைப் போட்டாள். முன்பு கீழே எழுதியிருந்த பதிலை அழித்தாள். கட்டைவிரல்களும் அதோடு போயின.

போன் மறுநாள் மத்தியானம் வந்தது. அவள் உறைக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாள். கையில், புருவத்தில் எல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“தலையணைக்காரம்மாவா?” வயதான ஆண் குரல்.

“ஆமாங்க. நீங்க யாரு?”

“நான்தாம்மா அந்த ஒத்த ஸ்டாரு.”

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் லேசாகச் சிரிக்கிற சத்தம். எங்கே தொடங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அவர் பெயர் வேலாயுதம். அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பையன். முப்பது வயதுக்குமேல் அவனுக்குப் புத்தி கலங்கியது. மருந்து கொடுத்தார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறவனைப் போலப் போனான்.

“தேடாத இடமில்லம்மா. அப்புறம் அவனே ஒருதரம் வந்தான். ஊரெல்லாம் அடங்கினப்புறம். கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். பால்காரப் பொண்ணு வரும்போது பார்த்திருக்கு. ‘ஐயா, உங்க பையன் கேட்டுல நின்னுச்சே, திறந்து விடலையா’ன்னு விடிஞ்சப்புறம் கேட்டா. ஓடிப்போய்ப் பார்த்தோம். தெருவுல யாருமில்ல.”

“சத்தம் போட்டுக் கூப்பிடலையா?”

“அவன் கூப்பிட மாட்டாம்மா. சின்னதுலருந்தே அப்படித்தான். கொண்டியை லேசா ஒரு தட்டு. அவ்வளவுதான். நாம போய்த் திறக்கணும். கேட்டைத் திறந்தே போட்டு வச்சும் பார்த்தேன். திறந்து கிடந்தா அவன் உள்ள வரமாட்டான். யாராவது வந்து திறக்கணும் அவனுக்கு. நானும் என் சம்சாரமும் அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டோம்.”

சிலம்பாயி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

“அன்னையிலருந்து நான் தூங்கறதில்ல. டாக்டர் திட்டினாரு. இப்படியே போனா ஆளே விழுந்துடுவேன்னாரு. சம்சாரம்தான் உங்க தலையணையைப் பார்த்துட்டு வாங்கச் சொன்னா. இடுப்பெலும்பு உடைஞ்சதுலருந்து நான் மல்லாந்துதான் படுக்க முடியும். ஒரு காது மில்லு சத்தத்துலயே போயிருச்சு. தலையை வச்சேன். அப்படியே முழுகிப் போச்சு. பஞ்சு ரெண்டு பக்கமும் எழும்பி, இருக்கிற ஒத்தக் காதையும் மூடிக்கிச்சு. ஒரு சத்தமில்ல. கண்ணைச் சொக்குச்சு பாருங்க… பயந்துபோய் எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன்.”

“எதுக்குப் பயம்?”

“நல்ல பஞ்சும்மா. அதுதான் கோவம். கண்ணசந்துட்டா, கொண்டிச் சத்தம் எப்படிக் கேக்கும்? அந்தக் கோவத்துல எழுதிட்டேன். தூக்கம் வரலைன்னு எழுதினேன். வரவிடலைன்னு எழுதியிருக்கணும்.”

எதிரே இரண்டு பெண்களும் தையல் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்,” என்றார் வேலாயுதம். “நீங்க ஏசினதுல வருத்தமில்ல. நீங்க திரும்பக் கேட்டீங்க பாருங்க, அதுதான் தாங்கல. இப்பவே அஞ்சு ஸ்டாரா மாத்திடறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

அதைத்தான் அவள் இத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் தொட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

“இப்ப வேண்டாம்யா,” என்றாள். “உங்க பையன் வந்தப்புறம் மாத்துங்க.”

வேலாயுதம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வருவான்ங்கிறீங்களா?”

வருவான் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அப்படிச் சொன்னவர்கள் எல்லாரையும் அவளுக்கு நினைவிருந்தது. சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனவர்கள்.

“நீங்க மாத்தும்போது எனக்குத் தெரிஞ்சுடும்,” என்றாள். “நான் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்க மாட்டேன்.”

“பண்ணாதீங்கம்மா. போன் அடிச்சாலே அவனோன்னு நெஞ்சு பதறுது. எடுத்தா வேற யாராவது.”

“தெரியும்யா,” என்றாள் சிலம்பாயி.

அன்று சாயங்காலம் அவள் ஒரு உறையை எடுத்து வெட்டினாள். வழக்கமான அளவில்லை. பிடரி பதிகிற இடத்தில் மட்டும் பஞ்சை இறுக்கி அடைத்தாள். காதுப் பக்கம் இரண்டிலும் பஞ்சே வைக்காமல் வெறும் துணியாக மடித்துத் தைத்தாள். தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். பின்கட்டில் கோழி மண்ணைக் கிளறுவது கேட்டது. தெருவில் சைக்கிள் போவது கேட்டது. தன் வீட்டுப் படலை யாரோ தொட்டால்கூடக் கேட்கும் என்று தோன்றியது. எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே கிடந்தாள்.

பிறகு அதைப் பார்சல் கட்டி அனுப்பினாள். பை மேல் அச்சடித்திருந்த வரியின்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினாள்.

வேலாயுதம் தன் கருத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். ‘இரண்டாவது தலையணை வந்தது. காது கேட்கிறது.’

அதைப் படித்த புதியவர்கள் குழம்பிப்போனார்கள். தலையணைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம், ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு எதற்காக இரண்டாவது வாங்கினார் என்று கேட்டார்கள். ஒருவர், ‘இங்கே ஏதோ சரியில்லை’ என்று எழுதிவிட்டு வேறு கடைக்குப் போனார். சிலம்பாயி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் ஒரு வீட்டின் கதையையே தெருவில் வைக்க வேண்டியிருக்கும்.

காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே செல்போனை எடுத்துப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. முன்பெல்லாம் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போது வயிறு எரியும். இப்போது அப்படி இல்லை. ஒன்றாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு, செல்போனை வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைப்பாள். அன்றைக்கும் அவன் வரவில்லை என்று அர்த்தம்.

பங்குனி பிறந்தது. தோப்பில் காய்கள் வெடிக்கத் தொடங்கின. சித்திரை மாதத்துக்குக் கம்பெனி பெரிய தள்ளுபடி விற்பனை அறிவித்திருந்தது. நல்ல மதிப்பெண் உள்ள விற்பனையாளர்களுக்குத்தான் அதில் இடம். சிலம்பாயியின் மதிப்பெண் மயிரிழையில் கீழே நின்றது. கீழே இழுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நட்சத்திரம்தான்.

அந்தச் சமயத்தில்தான், அவள் எப்போதோ அனுப்பி மறந்துபோன புகாருக்குக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ‘உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். இந்தக் கருத்து பொருளைப் பற்றியது அல்ல. உங்களுக்குச் சம்மதம் என்றால் நீக்கிவிடுகிறோம்.’ கீழே, சம்மதம் என்று ஒரு பொத்தான்.

அவள் அதை அழுத்தவில்லை. அழுத்தாமல் இருக்கவும் முடியவில்லை. செல்போனைக் கையில் பிடித்தபடியே தோப்புக்குப் போனாள்.

மரங்களுக்கடியில் தரை வெளுத்துக் கிடந்தது. காற்றில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. சாமி விழுந்த காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலையிலும் தாடியிலும் பஞ்சு. அவள் எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

“அழுத்தினா என்ன ஆகும்?” என்று கேட்டார் சாமி.

“அந்த எழுத்தே இல்லாமப் போயிடும். ஸ்டாரும் போயிடும். சித்திரை விற்பனையில எனக்கு இடம் கிடைக்கும்.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான் சாமி. அந்தப் பொண்ணுக ரெண்டு பேரும் வாரம் முழுக்க வேலைக்கு வரலாம். ஒருத்திக்கு வீட்டுல புருஷனுக்கு உடம்பு சரியில்ல. அதையும் நான் பார்க்கணுமில்ல?”

“பார்க்கணும்தான்.”

“அவருக்கும் இதனால ஒரு நஷ்டமும் இல்ல. அவரே அன்னைக்கு மாத்தறேன்னுதான் சொன்னாரு.”

“ஆமா.”

சாமி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னது அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஒரு காயை எடுத்து ஓட்டைப் பிரித்தாள். உள்ளே பஞ்சு பட்டாகச் சுருண்டிருந்தது. விரல் பட்டதும் விரிந்தது.

“பையன் வந்துட்டானா?” என்றார் சாமி.

“தெரியல. இன்னைக்குக் காலையிலயும் பார்த்தேன். ஸ்டார் மாறல.”

“நேத்து?”

“நேத்தும் பார்த்தேன்.”

“தினம் பார்க்கிறீங்களா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பார்க்காம இருக்க முடியல சாமி. எந்திரிச்சதும் கை அங்கதான் போகுது. யாரு பெத்த பிள்ளையோ. அவன் பேருகூட நான் கேட்டுக்கல. ஆனா அந்த அஞ்சு ஸ்டாரை ஒருநாள் பார்த்துடணும்னு… எனக்கு எதுக்குன்னு தெரியல.” சமாளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அழிச்சிடட்டுமா சாமி? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செஞ்சிடறேன்.”

சாமி கூடையை நகர்த்திவைத்தார். அவளுடைய தலையில் விழுந்திருந்த பஞ்சை எடுத்துவிடுகிறவரைப் போலக் கையைக் கொண்டுபோய், எடுக்காமல் விட்டார்.

“அக்கா, அந்த வீட்டுப் பக்கம் உங்களுக்குத் திறந்திருக்கிற காது அந்த ஸ்டாரு ஒண்ணுதான். மூடிக்கிட்டுத் தூங்க முடியும்னா மூடிடுங்க.”

சிலம்பாயி பொத்தானைத் தொடவில்லை. செல்போனில் ஒட்டியிருந்த பஞ்சை முந்தானையால் துடைத்தாள். திரை மேலே தெரியும்படி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.